எங்கள் தெருவின் விதர்பிகள்

இங்கிலாந்தில் விதர்பி என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டுமாம். நான் சிறுமியாக இருந்தபோது ரங்கூனில் எங்கள் தெருவிலோ, தடுக்கி விழுந்தால் ஒரு விதர்பி மேல்தான் விழ வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா விதர்பி, சித்தப்பா விதர்பி, மூக்கொழுகித் திரிந்த என் தம்பியும் விதர்பி. எதிர்வீட்டுத் தையற்காரர் விதர்பி. துறைமுகத்துக் கங்காணி ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே மாடசாமி விதர்பி ஆகிவிட்டார். அத்தனை பேரும் நல்ல கறுப்பு.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் தாத்தா. அவர் துறைமுகத்தில் என்ஜினீயராக இருந்த விதர்பி என்ற வாலிபத் துரைக்குச் சமையல்காரர். தாத்தா குடும்பத்தோடு வேதத்தில் சேர்ந்தபோது துரைதான் ஞானத்தகப்பனாக நின்றார். ஞானத்தகப்பன் பெயரை வைத்துக்கொள்வது எங்கள் ஜனங்களிடம் உள்ள வழக்கம்தான். ஆனால் முதற்பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். தாத்தா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. முழுப் பெயரையும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

பிறகுதான் அந்தப் பெயரின் மகிமை தெரிந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் இருந்த கியாக்டடா பக்கத்து ஆபீஸ்களில் வேலைக்குப் போய் நின்றால், விதர்பி என்ற பெயரைக் கேட்டதும் உள்ளே நாற்காலி போடுவார்களாம். ஆளைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துவிடுவார்களாம். ஆனாலும் உள்ளே நுழைந்தாயிற்று அல்லவா? அப்பா அப்படி நுழைந்து குமாஸ்தா ஆனவர்தான். அதைப் பார்த்துத் தெருவில் யார் ஞானஸ்நானம் எடுத்தாலும் விதர்பிதான் வேண்டும் என்று நின்றார்கள். துரையும் சிரித்துக்கொண்டே போய் நிற்பாராம். நான் பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். ஆள் போன பிறகும் பெயர் மட்டும் பெருகிக்கொண்டே வந்தது.

அது சீமையில் ஒரு சிற்றூரின் பெயர் என்று போதகர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஊரைவிட்டுக் கிளம்பிப் போனவனை, போன இடத்தில் இருந்தவர்கள் விதர்பிக்காரன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவே அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஊரிலேயே கிடப்பவனுக்கு ஊர்ப்பெயர் எதற்கு? நாங்களும் ஊரைவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள்தான். என்ன, எங்கள் மேல் ஒட்டியது வேறு யாருடைய ஊரோ.

வீட்டில் அந்தப் பெயர் இல்லாதவர்கள் அத்தையும் அத்தானும் மட்டும். அத்தை அப்பாவின் தங்கை; அவர்களுக்கு மாமாவின் பெயர். மாமா மூல்மேனுக்கு மர வியாபாரத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவரை யாரும் பார்த்ததில்லை. அத்தான் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சிவந்த தோல், பூனைக்கண். தெருப்பிள்ளைகள் பூனை, பூனை என்று கேலி செய்வார்கள். நீ விதர்பி இல்லையே என்று நானும் என் பங்குக்குச் சீண்டுவேன்.

ஒரு சனிக்கிழமை மாலை போதகர் வேகுவேகென்று வந்தார். செத்துப்போன துரையின் அண்ணன் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறாராம். ரங்கூன் முழுக்க விதர்பிகள் இருக்கிறார்கள் என்று யாரோ ஒரு மாலுமி சொல்லக் கேட்டுக் கிளம்பி வந்தவராம்.

"அவருக்குப் புள்ளகுட்டி கெடையாது. தம்பிக்கு எதும் வாரிசு இருந்தா சீமைக்குக் கூட்டிட்டுப் போயிருவேங்கார். நாளைக்கு ஆராதனை முடிஞ்சு நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வர்றார்" என்றார் போதகர்.

அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையை அப்படியே விட்டுவிட்டு வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"அண்ணே, அவனத் தின்கன்ஜூனுக்கு அனுப்பிரு. இப்பவே."

"ஏன் பதறுத? அவருக்கு என்ன தெரியும்?"

"அவன் மொகத்தப் பாத்தாத் தெரியாதா? எனக்கு இருக்கது அவன் ஒருத்தன்தான்."

அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டார். இருட்டுவதற்குள் சித்தப்பா அத்தானைக் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே தின்கன்ஜூனில் தோட்டம் வைத்திருந்த சிநேகிதர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! வெள்ளைக்காரர் விதர்பிப் பிள்ளையைத் தேடி வருகிறார். நான் விதர்பிப் பிள்ளை. பிடித்துக்கொண்டு போவதானால் என்னைத்தானே பிடிப்பார்? விதர்பியே அல்லாத அத்தானை ஒளித்து வைக்கிறார்கள், எனக்குத் தலை சீவி ரிப்பன் கட்டி வாசலில் நிறுத்தப் போகிறார்களாம். இது எந்த ஊர் நியாயம்? அம்மாவிடம் போய் அழுதேன்.

"ஒன்ன யாருட்டி கூட்டிட்டுப் போவா? சும்மா கெட" என்றாள் அம்மா. அது ஆறுதலா அவமானமா என்று தெரியாமல் அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் சீனர்கள் பேட்டையான லத்தாவிலிருந்து கடைக் கேக் வந்தது. விதர்பிகள் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். அப்பா கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். இந்தப் பெயர் பொய் என்று வருகிற துரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குமாஸ்தா வேலை என்னாவது என்ற கவலை வேறு அவருக்கு. அத்தை அடுப்படியைவிட்டு வெளியே வரவேயில்லை.

வந்தவர் உயரமான கிழவர். வியர்வை வழிய உள்ளே வந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்தார். ஒவ்வொருவரும் நெஞ்சை நிமிர்த்தி, "விதர்பி, சார்" என்றார்கள். மாடசாமி விதர்பி முறை வந்தபோது கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கேலிச் சிரிப்பல்ல. சிரித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்பாவிடம் இங்கிலீஷில் கேட்டார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது.

"என் தம்பி இங்கே தனியாகத்தான் இருந்தானா?"

"ஆமாம், சார்."

"அவனுக்குப் பிள்ளை ஏதாவது..."

"இல்லை, சார்."

நான் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பயத்தில் தலை குனிந்திருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் பயமெல்லாம் பறந்துவிட்டது.

"அப்பா! இவருக்கு அத்தான் கண்ணு!"

அந்தக் கூடத்தில் தமிழ் தெரியாதவர் கிழவர் ஒருவர்தான். தையற்காரர் கூரையைப் பார்த்தார். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிற்று.

"குழந்தை என்ன சொல்கிறாள்?" என்று கிழவர் கேட்டார்.

"உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்கிறாள், சார்" என்றார் அப்பா.

பொய் சொன்னால் எங்கள் தோலை உரிக்கிற அப்பா! இங்கிலீஷில் சொன்னால் பொய் கணக்கில் வராதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

கிழவர் என் தலையில் கைவைத்தார். "இந்தப் பெயர் என்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்களே, நன்றாக இருங்கள்" என்று சொல்லி எழுந்தார். தம்பியின் கல்லறையைப் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் போய்விட்டார். அன்று விதர்பிகள் கேக் முழுவதையும் தீர்த்துவிட்டுத்தான் கலைந்தார்கள்.

பத்து வருஷம் கழித்து அத்தானைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அதோடு என் பெயரிலிருந்து விதர்பி போயிற்று. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பூனைக்கண். அந்தப் பெயர் கிடையாது. துரையோடு ஒட்டோ உறவோ இல்லாத மாடசாமியின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். அத்தைக்கும் துரைக்கும் நடுவில் என்ன இருந்தது என்று, அவள் எனக்கு மாமியாரான பிறகும் நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள்தான் என்னிடம் கேட்டாள். எனக்கென்று ஒரு துண்டுக் கேக்கை ஒளித்து வைத்திருந்தாள். அடுப்படியில் என்னை மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள்.

"ஏட்டி, நெசமாவே அந்தக் கண்ணுதானா?"

"அச்சு அசல் அதே கண்ணு அத்தை."

"சிரிச்சாரே, அப்ப?"

"ஓரத்துல சுருங்குச்சு. அத்தானுக்குச் சுருங்குமே, அப்படி."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நேற்றுப் போன மகனுக்கா இத்தனை அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அழாதீங்க அத்தை. நாளைக்கு அத்தான் வந்துருவாங்கல்லா?"

"ஆமாட்டி" என்றாள் அத்தை. "அவன் வந்துருவான்."

அப்படிச் சொல்லிவிட்டு முன்னிலும் அதிகமாக அழுதாள். வரத்தானே போகிறார், பிறகு எதற்கு இந்த அழுகை என்று கேக்கைத் தின்றுகொண்டே யோசித்தேன். எனக்கு விளங்கவில்லை.