நூற்று முப்பத்து மூன்று இணைப்புகள்

அறுபதுகளில் செஞ்சிப் பள்ளியொன்றில் நான் மின் வகுப்பு நடத்திய அறைக்கு நான்கு சன்னல்கள். மூன்றுதான் திறக்கும். மதிய வெயிலில் அவற்றின் வழியே பார்த்தால் கோட்டைமலைப் பாறைகள் மெல்ல அசைவது போலிருக்கும். எனக்கு வயது இருபத்து மூன்று, வேலை தற்காலிகம், மாணவர்கள் பதினொரு பேர்.

மாறுமின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்புகிறது என்றதும் பின்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"போயிட்டு திரும்பி வந்துடுதுன்னா நமக்கு இன்னா சார் மிச்சம்?"

நான் பதில் தேடுவதற்குள் தச்சர் வீட்டுப் பையன் முந்திக்கொண்டான். "ரம்பம் கூடத்தான் போயிட்டு வருது. மரம் அறுபடலியா? குந்துடா."

இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

தெரிந்தவர் மூலம் ஒரு கல்லூரியிலிருந்து பதினைந்து நாள் இரவலாக ஒரு சிக்னல் ஜெனரேட்டர் வாங்கி வந்திருந்தேன். வேண்டிய அலையை வேண்டிய அளவில் உண்டாக்கும் சாம்பல் நிறப் பெட்டி. குமிழைத் திருப்பத் திருப்ப, தேனீயின் ரீங்காரம் குயிலாகி, விசிலாகி, பிறகு காதுக்கு எட்டாமல் எங்கோ ஏறிப் போய்விடும். போன பிறகும் பையன்கள் அண்ணாந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

தலைமையாசிரியருக்கு இந்த வகுப்பில் நம்பிக்கை இல்லை. "ஆளுக்கொரு ரேடியோ செய்யட்டும், தம்பி. பதினாலாம் நாள் வருவேன். பதினொண்ணுல பத்தாச்சும் பேசணும். இல்லன்னா அடுத்த வருஷம் இந்த ரூம்ல ஒடஞ்ச பெஞ்சு அடுக்கிடுவேன்."

ஒரு ரேடியோவுக்குப் பத்தொன்பது இணைப்புகள். சால்டரிங் செய்யும்போது ஈயம் கம்பியில் ஒட்ட ஒரு பிசின் வேண்டும். நான்கு ரேடியோ முடிவதற்குள் பிசின் தீர்ந்துவிட்டது. மறுநாள், பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவரின் மகன் காகிதப் பொட்டலத்தில் வெள்ளைத் தூள் கொண்டு வந்தான்.

"நவச்சாரம் சார். எங்க நைனா குண்டானுக்கு ஈயம் பூசச் சொல்ல இத்தான் போடுவாரு."

தூள் பட்டதும் வெண்புகை எழுந்தது. ஈயம் உருகி, ஒரு கணம் நடுங்கி, நிலாத் துண்டு போல் அமர்ந்தது. அத்தனை பளபளப்பை நான் பார்த்ததே இல்லை. சன்னலோரம் நின்று அந்தப் புகை வெயிலில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்திருக்க வேண்டியவன் நான். ஏழு ரேடியோக்கள், நூற்று முப்பத்து மூன்று இணைப்புகள்.

பதினொன்றாம் நாள் ஏழும் ஊமை. சிக்னல் ஜெனரேட்டரின் கம்பியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனோம். ஒலி எங்கே நின்றதோ அங்கே இணைப்பில் பச்சை பூத்திருந்தது. தூள் செம்பைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை அந்தப் பையன் தலைகுனிந்தபடி வந்தான். "நைனா கேக்குறாரு சார். பூசின கையோட தண்ணில முக்கிக் கழுவலியான்னு."

"ரேடியோவ எப்படிடா தண்ணில முக்குறது?" என்று ஒருவன் சிரித்தான்.

"உங்க வாத்தியாருக்குத் தெரியாதான்னும் கேட்டாரு."

தெரிந்திருக்க வேண்டும். "தப்பு என்னுது. நீ உக்காரு" என்றேன். அவன் உட்காரவில்லை. பிளேடை எடுத்துப் பச்சையைச் சுரண்டத் தொடங்கினான்.

திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் பிசின் வாங்கி வந்தேன். மற்றவர்கள் வெந்நீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, இணைப்புகளை மறுபடி செய்தார்கள். நேரம் போதாதோ என்று பதறி, ஏழில் ஒன்றை நானே செய்தேன்.

பதினான்காம் நாள் அறையைச் சுற்றி ஒரு கம்பி ஓட்டிச் சிக்னலை அதில் விட்டேன். ரேடியோக்கள் ஒரே சுருதியில் பாடத் தொடங்கின. சுவர்களே முணுமுணுப்பது போலிருந்தது. எத்தனை பாடுகின்றன என்று எண்ண முயன்றேன்; எண்ண முடியவில்லை.

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒவ்வொண்ணா நிறுத்துங்க."

ஒவ்வொன்றாக நின்றபோது ஒலி இழை இழையாகப் பிரிந்து மெலிந்தது. ஆறாவதை அணைத்தபோது மட்டும் எதுவும் குறையவில்லை. கடைசியில் ஈயம் பூசுபவர் மகனின் ரேடியோ தனியே பாடிற்று. பிறகு அதுவும் நின்றது.

"பத்து," என்றார் அவர். அவரும் எண்ணியிருந்தார். "அந்த ஆறாவது யாரு செஞ்சது?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈயம் பூசுபவர் மகன்தான் வாயைத் திறந்தான். "சார் செஞ்சது, சார்."

"பசங்க பரவால்ல," என்று அவர் வெளியே நடந்தார். "அடுத்த வருஷமும் நடத்துங்க, தம்பி. சால்டரிங்க மட்டும் அவங்க கிட்ட கத்துக்குங்க."