அறுபத்தெட்டு மாடலின் கைப்பிடி

என் கணவருக்கு எழுமலைக்கு மாற்றலானபோது நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அந்த வேலையை விட முடியாது. அதனால் வீட்டையும் மாற்ற முடியாது. அவர் காலையில் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடித்து, அங்கே இறங்கி, எழுமலைக்கு இன்னொரு பஸ்ஸுக்கு நின்று, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வருவார். நான் இடுப்பில் நான்கு மாதக் குழந்தையோடு அடுப்பையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப் போன பிறகுதான் மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று முடிவானது.

புது வண்டிக்கு எழுதி வைத்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பழங்காநத்தத்தில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் இரண்டு வண்டிகள் விலைக்கு நின்றன. இரண்டும் ஒரே ஜாதி, கனத்த வண்டிகள். ஒன்று அறுபத்தெட்டு மாடல், மற்றது எழுபத்தைந்து மாடல். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

பழைய மாடலில் ஓட்டுகிறவருக்கு ஒரு சீட், பின்னால் உட்காருபவருக்குத் தனியாக ஒரு சீட். இரண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புக் கைப்பிடி. சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கக் கம்பி வலை, கால் வைக்கப் பலகை எல்லாம் இருந்தன. ஆனால் ஸ்டார்ட் செய்ய நாலைந்து முறை உதைக்க வேண்டும், பிரேக்கும் சுமார்தான். புது மாடல் ஒரே உதையில் கிளம்பியது, பிடித்த இடத்தில் நின்றது. அதற்கு ஒரே நீள சீட். பின்னால் உட்காருபவருக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே புது மாடலைக் காட்டிச் சொன்னார்: "அண்ணே, தனியாப் போய்ட்டு வாரதுன்னா இது. மதினி, பிள்ளைகளோடன்னா அது. ரெண்டும் ஒண்ணா வேணும்னா காருதான் வாங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தையோடு இரண்டிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருந்தது. சுற்றிலும் ஆண்கள். அந்தக் கைப்பிடியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிறுதோறும் அழகர்கோவில் பக்கத்திலிருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போவோம். வண்டி வந்தால் எங்கள் மூத்த மகள், பெரியவள், முன்னால் டாங்க்மேல் உட்காருவாள். நான் பின்னால் ஒருபக்கமாக, மடியில் சின்னவளோடு. எங்கள் தெருவிலேயே ஒரு பெண் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து குழந்தையோடு சறுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய காயமில்லை. ஆனால் அந்தக் குழந்தை அழுத அழுகை என் காதிலேயே இருந்தது. ஒரு கை குழந்தைக்கு, ஒரு கை கைப்பிடிக்கு. கைப்பிடி இல்லையென்றால் அந்தக் கை எங்கே போகும்? உடனே அடுத்த நினைப்பு வரும். நாம் போவது வாரத்தில் ஒரு நாள். அவர் ஆறு நாள் லாரிகளுக்கு நடுவே போகிறார். அவருக்கல்லவா நல்ல பிரேக் வேண்டும்?

"நீயே சொல்லு. படிச்சவதான" என்றார் அவர். நான் தினமும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கடைசியில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் பொறுமையிழந்தார். அழகர் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். சிவப்பு அரளி வந்தால் பழைய மாடல், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் புது மாடல். பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

அடுக்களையில் உட்கார்ந்து பழைய பரீட்சைத் தாளைக் கிழித்தேன். முதலில் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்து மடித்தேன். அவர் பத்திரமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். அப்போது சின்னவள் தொட்டிலில் அழுதாள். அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு இரண்டையும் பிரித்தேன். இரண்டிலும் சிவப்பை வைத்தேன்.

பெரியவள் சாமி கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். மாமியார் பிரித்துப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றதைப் பிரிக்கக் கூடாது, செடிக்கடியில் போட்டுவிடு என்று என் கணவரிடம் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். எழுபத்தைந்து மாடலை அந்த வாரமே வேறு யாரோ வாங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். காலையில் அவர் வண்டியை உதைக்கும் சத்தத்தை அடுக்களையில் இருந்து எண்ணுவேன். மூன்று, நான்கு, ஏழு. சில நாள் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கை கைப்பிடியைப் பிடித்திருக்கும். குழந்தை மடியில் அசையாமல் தூங்கும். அந்த நிம்மதிகூட எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. மற்ற ஆறு நாளும் அதற்கு ஈடாகப் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முழங்கையிலும் முட்டியிலும் கட்டு. உசிலம்பட்டி தாண்டி, ஆடுகள் குறுக்கே வந்ததில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல், சாலையை விட்டு இறங்கிச் சாய்ந்திருக்கிறது.

"அழகர் பாத்துக் குடுத்த வண்டிடா, அதான் இம்புட்டோட போச்சு" என்று மாமியார் திருநீறு பூசினார்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. என் கணவர் கை கழுவக் கொல்லைக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் நான் சிவப்புத்தாங்க வச்சேன்."

"தெரியும்" என்றார். "அன்னைக்கே செடிக்கிட்டப் பிரிச்சுப் பாத்தேன்."

செம்பு என் கையில் அப்படியே நின்றது.

"எனக்கு அந்தக் கைப்பிடி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நானே அதை வாங்கியிருப்பேன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல நீங்க?"

"சாமியையே ஏமாத்துற அளவுக்குப் பயந்திருக்கியே, அதுக்கு மேல என்னத்தக் கேக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். பிறகு கேட்டார்: "இப்பச் சொல்லு. வச்சுக்கவா, குடுத்துரவா?"

பூ இல்லை, பொட்டலம் இல்லை, நாளைக்கு என்று சொல்லவும் முடியாது. அவர் முழங்கைக் கட்டில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

"குடுத்துருங்க. பிரேக் நல்லா இருக்கறதாப் பாருங்க. நான் பாப்பாவத் தூக்கிக்கிட்டு பஸ்ல வாரேன்" என்றேன்.

தை மாதம் ஒரு எழுபத்தாறு மாடல் கிடைத்தது. ஒரே உதையில் கிளம்புகிறது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவரும் பெரியவளும் அதில் முன்னால் போய், அழகர்கோவில் பாதையில் எங்கள் நிறுத்தத்தில் காத்திருக்கிறார்கள். நான் சின்னவளோடு இரண்டு பஸ் மாறிப் போகிறேன். முன் சீட்டின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து, அந்த வண்டி அங்கே நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.