தகரப் பெட்டியின் டிரைவர்

இதுவரை பிறந்த ரோபோக்களும் இனிமேல் பிறக்கப்போகிற ரோபோக்களும் வரிசைகட்டி நின்று கும்பிட வேண்டிய ஒரே மனிதர் அவர்தான். அவர் விரலை அசைத்தால் ஊரிலுள்ள இயந்திரங்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சூரியனே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உதிக்கிறது என்றாலும் தப்பில்லை.

சிம்மாசனம் மட்டும் கொஞ்சம் சுமார். டெலிவரி ஆபீஸின் மூன்றாவது வரிசையில், ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி. எதிரே இரண்டு திரைகள், ஒரு கைப்பிடி, காதில் ஹெட்போன். கதைகளில் வருகிற ரோபோ உலகத்தையே வளைத்துப் பிடிக்கும். தெருவில் சாமான் கொண்டுபோகிற நிஜ ரோபோவோ, வழியில் ஓர் ஈரச் சாக்கு கிடந்தாலே கதிகலங்கி நின்றுவிடும். உடனே நாற்பது டிரைவர்களில் யாராவது ஒருவரின் திரையில் மணி அடிக்கும். அந்த ஆள் அதன் கண்ணால் பார்த்து, அதை நகர்த்திவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு இருநூறு வாசல்கள் பார்க்கிறார். ஒரு வாசலிலும் அவரை யாரும் ‘வாங்க’ என்றதில்லை. பேச மூன்று பொத்தான்கள்: ‘வழி விடுங்கள்’, ‘பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்’, ‘நன்றி’. சொந்தக் குரலுக்கு மைக் உண்டு. யாருக்காவது ஆபத்து என்றால்தான் அதைத் திறக்கலாம். வேறெதற்காவது திறந்தால் அன்றைக்கே வேலை காலி.

மகள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாள். அவர் கத்தினார். “இனிமே உங்ககூட பேச்சே கிடையாது” என்று பையைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு மாதமாயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதன் நுனியில் ஒரே கோபம். போனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போய்விட்டுக் கீழே வைப்பதுதான் சாயங்கால வேலை.

“அண்ணே, திரும்பவும் அந்தச் செங்கல் வீடு!” என்று பக்கத்து நாற்காலி சோடாபுட்டி சிரித்தாள். “ஒரு பொண்ணு தினம் ஒரே ஒரு அழிரப்பர் ஆர்டர் போடுது. ரோபோ வந்தா குறுக்கே செங்கல்லை வெச்சு மாட்ட வெக்குது. அப்புறம் அதுகிட்ட உக்காந்து கதை பேசுது. மறை கழண்ட கேஸு.”

அவர் எட்டிப் பார்த்தார். அக்கா வீட்டு நீலக் கதவு. செங்கல். அதன் பக்கத்தில் மகள்.

“அதை இங்க தள்ளும்மா.”

“டேய் தகரம், கண்ணு அவிஞ்சா போச்சு?” மகள் கேமராவுக்குள்ளேயே நுழைந்துவிடுவதுபோல முகத்தை நீட்டினாள். “அத்தைக்கு முட்டி வலி. நான் தையல் கடையில பட்டன் தைக்கறேன். நல்லாத்தான் இருக்கேன். அந்த மனுஷன்கிட்ட போய் சொல்லிடாத. ஹும், நாப்பது பேர்ல நீ அவர்கிட்டதான் மாட்டப்போறியாக்கும்!”

அவர் ‘நன்றி’ பொத்தானை அழுத்தினார். வேறெதை அழுத்துவது?

அப்புறம் அந்த வீட்டு மணி எந்தத் திரையில் அடித்தாலும் அவர் பக்கம் வந்தது. ஒன்பது நாள் கேட்டார், ஒன்பது ‘நன்றி’ சொன்னார். பத்தாம் நாள் மேலாளர் வந்து, “செங்கல் வீட்டுக்கு இன்னியோட டெலிவரி கட்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. மகள் வழக்கம்போல வாயைத் திறப்பதற்குள் அவர் கை மைக்குக்குப் போய்விட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“அண்ணே, மைக்! மைக்கு ஆன்ல இருக்கு!”

“இருக்கட்டும்.” திரையைப் பார்த்துச் சொன்னார்: “நாளையிலேர்ந்து இது வராதும்மா. நானே போன் பண்றேன். எடுப்பியா?”

மகள் விறுவிறுவென்று ரோபோவுக்குப் பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் முதல் திரையில் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்டாற்போல.

“யாரு நீங்க? நான் ஒண்ணும் அழல. செருப்பு வார் அறுந்துபோச்சு, அதைத்தான் பார்த்தேன்.”

“அதுக்குப் பின்னாடியும் ஒரு கேமரா இருக்கு, கழுதை,” என்றார் அப்பா.