கப்பல் ஏறாத முட்டையும் சேந்தமங்கலம் சந்தையும்

தோஹாவில் இருக்கும் என் தங்கை போன வாரம் தொலைபேசியில் புலம்பித் தீர்த்தாள். சண்டையால் கப்பல் வரத்து நின்றுபோய், கடையில் வீட்டுக்கு ஒரு பெட்டி முட்டைதான் தருகிறார்களாம். மறுநாளே வளர்மதி பேசினாள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இப்போது சேந்தமங்கலத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள். அவளுக்கு நேர்மாறான கவலை. துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்த அவளுடைய முட்டை அப்படியே திரும்பி வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை 6.10-க்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், 7.35-க்கு நாமக்கல். நான்கு இட்லியும் ஒரு காபியும் ஆனபிறகு டவுன் பஸ். சேந்தமங்கலம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பெண்களுக்கு இலவசம். கொல்லிமலை பக்கத்தில் வர வர மனசு தானாகவே குதிக்கும். அன்றைக்கும் குதித்தது, என்ன செய்ய.

வாரச் சந்தையில் குட்டியானை வண்டியை நிறுத்தி, வளர்மதி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர், டீக்கடை, ஓட்டல் என்று கொடுத்ததுபோக கடைசி இருநூறு பெட்டி. பெட்டிக்கு முப்பது முட்டை, விலை நூறு ரூபாய்.

"மூணு மணிக்கு ஜேசிபி வரச் சொல்லிப்போட்டேன் புள்ள. மிச்சமானதைக் குழியில போட்டு மூடோணும்" என்றாள். கப்பலுக்கான குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த முட்டை வேர்த்துவிடும், இந்த வெயிலுக்கு அதிக நாள் தாங்காது. வியாபாரிகளிடமும் திரும்பி வந்த முட்டையே குவிந்து கிடந்தது. "கோழிக்குச் சண்டை தெரியுமா, அது பாட்டுக்குப் போடுது" என்று சிரித்தவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நூறு ரூபாய்க்கு முப்பது முட்டை, பறந்துவிடும் என்று நினைத்தேன். பத்தரை மணிவரை போனது ஏழு பெட்டி. பெட்டி முழுக்க அரபு எழுத்து, முட்டை ஓட்டிலும் சிவப்பு மையில் முத்திரை. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

"ஏனுங்க, இது வெளிநாட்டு முட்டைங்களா?" என்றார் துண்டு போட்ட ஒருவர்.

"இல்லீங்க, அந்தக் கரட்டு மலைக்கு அந்தாண்ட நம்ம பண்ணைங்க."

"அப்பறம் எதுக்குங்க இந்த எழுத்து? நமக்கு நம்மூரு முட்டை போதுமுங்க."

வளர்மதி ஒரு முட்டையைத் தட்டில் உடைத்தே காட்டினாள். மஞ்சள் கரு உருண்டையாக நின்றது. அவர் பார்வை பெட்டியை விட்டு நகரவில்லை. நானும் வகுப்பில் கத்துகிற குரலில் கத்திப் பார்த்தேன். ஆசிரியை சொன்னால் மாணவர்களே கேட்பதில்லை, சந்தையா கேட்கும்.

எதிரே பூண்டு விற்றுக்கொண்டிருந்த பாத்திமாக்கா எழுந்து வந்தார். "குடுங்க கண்ணு பாப்பம். சின்ன வயசுல ஓதப் போனப்பக் கத்துக்கிட்டது. அர்த்தம் தெரியாது, எழுத்துக் கூட்டுவேன்."

வலமிருந்து இடமாக விரல் நகர்ந்தது. கூட்டம் நெருங்கியது. "குர்ஆன்ல மேலயும் கீழயும் குறி இருக்கும். இதுல ஒண்ணையுங் காணோம், பொறுங்க. நூன், அலிஃப், நா. மீம், ம. காஃப், லாம்..." விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "அட, நாமக்கல்னுதாங்க போட்டிருக்கு."

சந்தையே சிரித்தது. துண்டுக்காரர் தலையைச் சொறிந்தபடி வந்து, "நம்மூரு பேரு போட்ட பொட்டியாப் பாத்து ரெண்டு குடுங்க" என்றார். அதன்பிறகு பெட்டி எடுத்துக் கொடுத்தே என் கை ஓய்ந்தது. ஒவ்வொருவரும் அந்த எழுத்தைக் காட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். 1.20-க்கு வண்டி காலி.

வளர்மதி தொலைபேசியை எடுத்தாள். "அண்ணா, ஜேசிபி வேண்டாமுங்க. குழிக்கு வேலை இல்லைங்க." சொல்லிவிட்டு வண்டியின் பலகையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமென்ன. பாத்திமாக்கா மட்டும் பூண்டு உரித்தபடி, "நாளைக்கும் கோழி முட்டை போடுமில்ல, எந்தச் சந்தைக்குப் போறோம்?" என்று கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டரைக்குள் சந்தைக்குப் போய்விடுங்கள், வெயில் கடுமை. கொல்லிமலைக்கும் போவதாக இருந்தால் முட்டையைத் திரும்பும்போது வாங்குங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மனிதர்கள் தாங்குவதே பெரிது. பேருந்தில் பெட்டியை மடியில் வையுங்கள், பின் சக்கரத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

அரபு எழுத்துப் பெட்டியைக் கண்டால் தயங்காமல் வாங்குங்கள். கடல் தாண்டி யார் வீட்டு அடுப்புக்கோ போக வேண்டிய முட்டை அது. கப்பல் நகரும்வரை நாம் சாப்பிடுவோம், மண்ணுக்குக் கொடுக்க வேண்டாம்.