றப்பர் கழற்றிய கைபிடி

எனக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது பன்னிரண்டு. காலையில் எழும்பி முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது மண்ணில் கிடந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது. வலது கைக்குள் அலுமாரியைப் பூட்டித் திறக்கும் இரும்புத் திறப்பு ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் அது இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வலிப்பு தானாகவே சில நிமிடத்தில் ஓய்ந்துவிடும், அதற்குள் யாராவது இரும்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது நான் பின்னாளில் படித்து விளங்கிக்கொண்டது. அன்றைக்கு அம்மாவுக்கு விளங்கியது ஒன்றுதான்: திறப்பு வேலை செய்திருக்கிறது.

அதன்பின் அந்தச் சொல்லே எங்கள் வீட்டில் இல்லை. "அது" என்றுதான் சொல்லுவோம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, என்னை விட நான்கு வயது மூத்த அக்கா, நான். "வெளியிலை ஒரு குஞ்சுக்கும் தெரியப்படாது. தெரிஞ்சால் இவளை ஆர் கேட்டு வருவினம்?" என்று அம்மா சொன்னார். என் வருத்தத்தை, அந்த நோயை, மறைத்தது எனக்காக அல்ல, அக்காவின் கலியாணத்துக்காக. வலிப்புக்காரன் உள்ள வீட்டில் எங்கள் ஊரில் பெண் எடுக்க மாட்டார்கள்.

அக்காவைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். வயது வந்த பிள்ளை, படித்தது போதும் என்று ஊருக்குச் சொன்னார்கள். உண்மையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது பத்தடி பின்னால் நடந்து வந்து, பள்ளிக்கூட வாசல் படலையடியில் திரும்பிப் போவார். பின்னேரம் வந்து நிற்பார். "டேய், உன்ரை பொலிசு வந்திட்டுது" என்று பொடியன்கள் சிரிப்பார்கள். எங்கள் கிணற்றுக்குக் கட்டு இல்லை, வாய் நிலமட்டத்தில் இருந்தது. நான் குளிக்கும்போது அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நிற்பார். வாளிச் சத்தம் கேட்கும் வரையில் திரும்பக் கூடாது, சத்தம் நின்றால் திரும்ப வேண்டும். அவருடைய பதினாறு வயது முதல் இருபத்தொன்று வரை நாளுக்கு ஒரு தரம் இப்படி வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்போது நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் குளிசை தந்தார்கள். மாதத்தில் ஒருநாள் கிளினிக். குளிசை போடத் தொடங்கியபின் அது வருடத்துக்கு ஒருமுறை, பிறகு அதுவும் இல்லை என்றாகியது. ஆனால் குளிசை என்னை மந்தமாக்கியது. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் கேள்வியின் முன்பாதி எனக்கு மறந்துபோகும். கிணறு, நெருப்பு, கடல், சைக்கிள் நான்குக்கும் கிட்டப் போகக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவின் சைக்கிள் மாட்டுக்கொட்டிலில் கயிற்றில் தொங்கியது. ஐம்பதுகளின் கடைசி, எனக்குப் பதினேழு வயது. அதை இறக்கும் எண்ணம் எனக்கு வந்தது என்று சொன்னால் பொய். அக்காதான் இறக்கினார். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"பிள்ளை, உனக்கென்ன விசரோ? நடந்து போகேக்கையே பின்னாலை ஆள் வேணும். இவன் உதிலை ஏறி எங்கை போய் விழப்போறானோ!"

"அம்மா, அது வந்தால் கையிலை என்ன குடுக்கிறனீங்கள்?"

"இரும்பு."

"சைக்கிள் காண்டில், இந்தக் கைபிடி, என்னத்திலை செய்தது? இரும்பிலைதானே. சைக்கிள் ஓடுறவன் முழுநேரமும் இரும்பைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறான். பேந்து எப்பிடி அது வரும்?"

அக்கா வாயை இறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, பகிடி விடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை. கொஞ்சநேரம் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டப் போய்க் கைபிடிகளைத் தொட்டுப் பார்த்தார்.

"உந்த றப்பரைக் கழட்டு. றப்பருக்கு மேலாலை பிடிச்சால் இரும்பு என்னெண்டு வேலை செய்யிறது?"

அப்படித்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. கோயில் வெளிவீதியில் அக்கா கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மூன்றாம் நாள் பிடியை விட்டுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது வெகுதூரத்தில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். சிரித்தாரா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

றப்பர் இல்லாத கைபிடி வெயிலில் சுடும். மழைநாளில் துரு உள்ளங்கையில் ஒட்டும். சாப்பிடும்போது சோற்றில்கூட அந்த மணம் இருக்கும். றப்பர் எங்கே என்று ஊர் கேட்டது. தொலைந்துபோயிற்று என்றேன். ஆனால் அந்தச் சைக்கிள் எனக்குச் செய்ததை வேறொன்றும் செய்யவில்லை. ஐந்து வருடமாக என் முதுகில் இருந்த ஒரு சோடிக் கண்கள் இல்லாமற் போயின. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில், கிணற்றுத் துலா கிறீச்சிடும் சத்தத்தைத் தாண்டி, மாதகல் கடற்கரை வரை போவேன். ஒருநாள் விடியப் புறப்பட்டுப் பருத்தித்துறை வரை உழக்கினேன். மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, ஓரமா நில்லும்" என்றார். பின்னால் காவலுக்கு ஆள் இல்லாமல் ஒருவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல்தரம் போல இருந்தது. பட்டினத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததும், பஸ்ஸை நம்பாமல் சைக்கிளில் போய்வரக்கூடியவன் என்பதால்தான்.

சைக்கிளில் போகும்போது ஒருமுறையும் அது வரவில்லை. குளிசை காப்பாற்றியது என்று படித்த மூளை சொன்னது. இரும்பு என்று உள்ளங்கை சொன்னது. எந்தப் பக்கத்தை நம்பினேன் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளங்கையைத்தான்.

அக்காவுக்கு இருபத்தாறு வயதில் சண்டிலிப்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர். எல்லாம் பொருந்தியது. ஆனால் எங்கள் வீட்டுப் பொடியனுக்கு ஏதோ வருத்தமாம் என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். தரகர் நல்ல கெட்டிக்காரர். "உங்கடை வாயாலை ஒண்டும் சொல்ல வேண்டாம். சாதகத்தைப் பொடியனிட்டைக் குடுத்து, மத்தியான வெயிலுக்குள்ளை சைக்கிளிலை விடுங்கோ. மிச்சத்தை அவையின்ரை கண் பாக்கட்டும்" என்றார்.

போனேன். வேண்டுமென்றே கையை விட்டு ஒரு வளைவு எடுத்து அவர்கள் வாசலில் இறங்கினேன். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"உவ்வளவு தூரமும் உழக்கியோ வந்தனீர்?"

"ஓம் ஐயா. நெடுக ஓடுறனான்."

"நல்லது, நல்லது. கந்தோர் பட்டினத்திலையெண்டால் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போறனீரே? என்ரை தங்கச்சியின்ரை மோன் அங்கை மருந்து குடுக்கிற இடத்திலைதான் நிக்கிறான். போனால் ஒருக்காக் கதையும்."

அவர் அதை நட்பாகத்தான் சொல்லியிருப்பார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்த யன்னல்தான் கண்ணுக்குள் நின்றது. மாதாமாதம் என் மருந்துத் துண்டை நீட்டி, அந்தக் குளிசையை வாங்கும் யன்னல்.

அடுத்த கிளினிக் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போவதாகச் சொல்லிவிட்டு மாதகலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறிடத்தில் மருந்து எடுத்திருக்கலாம். தனியார் டொக்டர்கள் இருந்தார்கள். அக்காவிடம் சொல்லியிருந்தால் ஒரு வழி பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. மிச்சமிருந்த குளிசைகளை ஒன்றுவிட்ட நாள் ஒன்றாகப் போட்டு முடித்தேன். முடிந்தபின் தலை தெளிந்தது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு முதற்தடவையாகக் காலையில் எழும்பும்போது மூளைக்குள் பஞ்சு இல்லை. அக்காவின் கலியாணத்துக்காக மருந்தை விட்டேன் என்று நெடுங்காலம் எனக்குள் சொல்லிவந்தேன். அது பாதி. மற்றப் பாதி, அந்தத் தெளிவு எனக்கு இனித்தது. கையில்தான் இரும்பு இருக்கிறதே என்று நினைத்தேன்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. சண்டிலிப்பாயில் ஒரு தையற்கார அம்மாவிடம் சட்டைக்கு அளவு கொடுக்க அக்கா போக வேண்டும். காலை பஸ் வரவில்லை.

"தம்பி, என்னை ஒருக்காக் கரியரிலை ஏத்திக்கொண்டு போவன். உனக்கு ஓடப் பழக்கின எனக்கு ஒருநாள் சவாரி இல்லையோ?"

பக்கவாட்டில் இருந்து, ஒரு கையால் சீற்றைப் பிடித்து, மறுகையால் சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். ஒழுங்கை தாண்டித் தோட்டப் பாதையில் விழுந்ததும் கதைக்கத் தொடங்கினார். அவ்வளவு கதைப்பார் என்று எனக்குத் தெரியாது.

"இன்னும் உழக்கடா. மாடு மாதிரிப் போறாய்."

"பாரமாக் கிடக்கு."

"பொய். என்னைச் சண்டிலிப்பாயிலை குடுத்திட்டு வந்தால் பாரம் குறைஞ்சிடும். பேந்து உன்ரை கரியர் அழும், பார்."

நான் சிரித்தேன். என் இடது கை ஒருமுறை தானாகத் துள்ளியது. கைபிடியை இறுக்கிப் பிடித்தேன். இரும்பு உள்ளங்கையில் சூடாகவே இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது மதகடியில் பக்கவாட்டில் கிடந்தேன். என் வாயை யாரோ துடைத்திருந்தார்கள். சைக்கிள் தள்ளிக் கிடந்தது. அக்கா அதன் பக்கத்தில், ஒரு கால் பார்க்க முடியாத விதமாகத் திரும்பியிருக்க, நிலத்தில் இருந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. தன் சேலைத் தலைப்பைப் பல்லால் கிழித்து, பின்சில்லின் கம்பிகளுக்குள் செருகிச் சுற்றிக்கொண்டிருந்தார். உடைந்த காலோடு முதலில் என்னிடம் இழுபட்டு வந்து, என்னைத் திருப்பிப் போட்டுவிட்டு, பிறகு அங்கே போயிருக்கிறார்.

"தோட்டத்துக்குள்ளை ஆக்கள் வருகினம்" என்றார். "என்ரை சீலை சில்லுக்குள்ளை போட்டுது. விளங்கிச்சுதோ? சீலைதான்."

நான் தலையாட்டினேன்.

தொடை எலும்பு மதகுக் கல்லில் அடிபட்டு முறிந்திருந்தது. மாதக்கணக்கில் கட்டுப் போட்டுப் படுத்தார். எழும்பியபோது ஒரு கால் கட்டையாகிவிட்டது. சண்டிலிப்பாய்க்காரர் தோடம்பழத்தோடு வந்து பார்த்தார்கள், மாப்பிள்ளையின் தாய் அழக்கூடச் செய்தார். பிறகு தரகர் மட்டும் வந்தார். "அவை வேறை இடம் பாக்கினமாம். என்ன செய்யிறது, குனிஞ்சு நிமிரேலாத பிள்ளையை ஆர் எடுக்கிறது" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்டு வரவில்லை. எனக்கு வலிப்பு என்ற கதையை ஊர் மறந்தே விட்டது.

அம்மா அக்காவை மன்னிக்கவில்லை. "சீலையை ஒதுக்கி இருக்கத் தெரியாத மூதேவி" என்று கோபம் வரும் நேரமெல்லாம் சொல்லுவார். பெண்கள் கிணற்றடியில் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தியாகச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை ஒரு மாமி கேட்டபோது, "நான் சீலையைப் பிடிக்கச் சொன்னனான், அவ கவனிக்கேல்லை" என்று நானாகவே ஒரு வசனம் சேர்த்தேன். அப்படிச் சொல்லும்படி அக்கா எனக்குச் சொல்லவில்லை.

விபத்துக்கு அடுத்த கிழமையே தனியார் டொக்டர் ஒருவரிடம் ஒளித்துப் போய் குளிசையைத் தொடங்கினேன். பிறகு அது வரவில்லை. கந்தோருக்குச் சைக்கிளில் போனேன், வந்தேன். அக்காவால் பஸ்ஸின் முதற்படியில் ஏற முடியாது. கோயில், கிணறு, வீடு அவ்வளவுதான் அவருக்கு. எழுபதுகளில் எங்கள் ஒழுங்கையால் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் சைக்கிளில் போகத் தொடங்கினார்கள். பெல் சத்தம் கேட்டால் அக்கா செய்கிற வேலையை விட்டுப் படலைவரை கெந்திக்கெந்தி வருவார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மா இறந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் கிணற்றடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா துவைகல்லில் இருந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே? உண்மையைச் சொல்லுவியோ?"

"கேளுங்கோ."

"சண்டிலிப்பாய்க்குப் போன அண்டைக்கு... நீ குளிசை போட்டனியோ?"

துடைத்துக்கொண்டிருந்த துணி என் கையில் நின்றது. இருபது வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. அம்மாவும் இல்லை. மறைக்க வேண்டிய கலியாணமும் இல்லை. அந்தக் கேள்விக்கு உண்மை சொல்வதால் எனக்கு இழப்பதற்கு, அக்காவின் முகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஓம்" என்றேன். "போட்டனான்."

அவர் துவைகல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னிலைதான் பிழை. இரும்பு, இரும்பெண்டு நான்தானே பகிடியாச் சொல்லி அம்மாவை ஏமாத்தினனான். உன்ரை பின்னாலை நடந்து நடந்து எனக்கு அலுத்துப்போச்சு, தம்பி. ஒருநாளெண்டாலும் தனிய இருக்க வேணும்போலை கிடந்தது. அதுக்காகத்தான் சைக்கிளை இறக்கினனான். அதுதான் கடவுள் தந்தது."

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் காலையில் குளிசையைப் போட்டேன், சில்லுக்குக் காற்றடித்தேன், கந்தோருக்குப் போனேன். அந்த வருட முடிவுக்குள் அக்கா காய்ச்சலில் இறந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். சொல்ல நேரம் இருந்தது.

அன்றைக்கு நான் குளிசை போட்டிருக்கவில்லை, அக்கா. இருபத்திமூன்று நாளாகப் போட்டிருக்கவில்லை.