புது வீட்டுக்கு ஒரு குடும்பப் படம்

இரண்டாயிரம் பிறந்த புதிதில் ஆனையூரில் வீடு கட்டினேன். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். கூடத்தில் மாட்டப் பெரிய குடும்பப் படம் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழைய நெகட்டிவ் இருந்தது: அம்மா நாற்காலியில், நாங்கள் சுற்றிலும், தங்கை பின்னால் நின்று அம்மாவின் தோளில் கை வைத்திருப்பாள். அந்தப் படம் எடுத்த பிறகு அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருமங்கலம் போய்விட்டாள். அவள் இல்லாத படம்தான் எனக்கு வேண்டியிருந்தது. இதற்குச் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஃபிலிம் ஸ்கேனர் வாங்கியிருந்தேன். ஸ்கேன் செய்யும் மென்பொருளையும் படம் திருத்தும் மென்பொருளையும் சேர்த்துத் திறந்தால் கம்ப்யூட்டர் திணறும். ஆனால் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அசல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திரையின் இடப்பக்கம் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்; வலப்பக்கம் அவளைச் சுவராக்கிக்கொண்டிருந்தேன்.

காபி கொண்டுவந்த மனைவி நின்று பார்த்தாள்.

"ஏங்க, இங்கிட்டு முழுசா நிக்கிறா, அங்கிட்டுத் தலையைக் காணோம். அம்புட்டு வைராக்கியம்னா இதை மூடிட்டு அழிங்க."

"நிறம் பாக்கணும்."

"ஆமா, நிறம்!"

அம்மாவின் தோளில் இருந்த விரல்களைச் சேலை நிறத்தால் மூடிச் சேமித்தேன். மணிக்கட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி தொடங்கப் பொறுமையில்லை. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று, சேமித்த வரைக்கும் பெரிதாக அச்சுப் போட்டுவிட்டேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த படத்தருகே போனாள்.

"இது யாரு கைடா?"

"கையில்லம்மா, சேலை நிழல்."

"நிழலு வளையல் போட்டிருக்கோ?"

படத்தைத் திருப்பி வைக்கப் போனேன்; அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"பெத்தவ தோள் மேல இருந்ததையே அழிச்சிருக்க. அவ வராத வீட்டுக்கு நானும் வரல. திருமங்கலம் போறேன். பஸ் ஏத்திவிட வேணாம், எனக்கு வழி தெரியும்."

துணிப்பையை எடுத்துக்கொண்டு போயே விட்டாள்.

அம்மா இல்லாமலே புது வீட்டில் பால் காய்ச்சினோம். தாய்மாமன் கூட்டத்தில் வைத்து, "எங்கடா அக்கா?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன்.

மனைவி பால் தம்ளர்களோடு முன்னால் வந்தாள். "காய்ச்சலெல்லாம் இல்ல சித்தப்பா. அத்தை அவங்க மக வீட்டுல இருக்காங்க. நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன். இவரு ஒரு வார்த்தை கூப்பிட்டா ரெண்டு பேரும் கிளம்பி வருவாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொலைபேசி அருகிலேயே இருந்தது.

"பந்தி போட்டாச்சு, வாங்க" என்றேன்.