பிடியரிசிக் கலயம்

புதுவருடக் காலை. கோவிலுக்குப் போக மனமில்லை. சோறு வைக்க அரிசி அளந்தேன். பாத்திரத்தில் அது விழும் சத்தத்தில் கை நின்றது. வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதமாகியும் ஆளுக்கொன்றாக இரண்டு உழக்கு போட்டிருக்கிறேன்.

மகாராஜா ஆண்ட காலம். அப்போது எனக்கு ஒன்பது வயது. கார்த்திகை மழையில் தம்பி காய்ச்சலில் போனான். அதன்பிறகு அம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை. சமைத்தாள், பெருக்கினாள். அப்பா ஜெபத்துக்குக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் கிறிஸ்தவ சபையில், சோறு பொங்கும்போதெல்லாம் கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போடுவார்கள். புதுவருடத்தன்று அதை வாங்கச் சாக்கோடு வந்த தாயம்மாள் பெரியம்மை வாசலிலேயே நின்றாள்.

"ஒங்க வீட்டுல இந்தத் தடவ வேண்டாம் மக்கா. புது வருசத்தக் கர்த்தர் நல்லதாக்குவாரு."

அம்மா கலயத்தைக் காட்டினாள். நான் தூக்கப் போனேன், எழும்பவில்லை. கழுத்துவரை அரிசி.

"ஏட்டி, இது ஏது இம்புட்டு?"

"கை நாலு பேருக்குத்தான் அளக்கு அக்கா. அவனுக்க பங்கத் திரும்பப் பானையில போட முடியல்ல. இதுல போட்டேன்."

பெரியம்மை அரிசியைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு போனாள். அம்மா கலயத்தைத் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். மத்தியானம் மறுபடி நாலு உழக்கு அளந்து, ஒன்றை அதில் போட்டாள். வந்த வருடத்துக்கென்று அவள் செய்தது அவ்வளவுதான்.

இப்போது நான் ஒரு பால்பொடி டப்பாவைக் கழுவித் துடைத்தேன். அவருடைய பங்கு உழக்கு அரிசியை அதில் போட்டேன். வீட்டிலிருந்ததில் பெரிய டப்பாவாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தேன்.